சுத்துற தொட்டி கழுவியவர்

ஒருவரை வேலையிலிருந்து விலக்குவதற்கு முன், அவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் என்ன என்பதை எழுத்தில் தர வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். சாட்சிகளை அவர் குறுக்கு விசாரணை செய்யலாம். எந்தக் குற்றச்சாட்டுக்கு விசாரணை நடந்ததோ அதற்கு மட்டும்தான் தண்டனை. வேறு எதற்கும் இல்லை. அரசு அலுவலகங்களில் இதைப் 'பதினேழு பி' என்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் காலம் தள்ளி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். இந்த விதியின்படி பதினோரு பேருக்குக் குறிப்பாணை தயாரித்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் உண்மையிலேயே குற்றம் செய்தவர்கள்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்களுக்கு இருப்பது ஒரே நடைமுறை: நாளையிலிருந்து வராதே.

எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் வேலை செய்த அந்தம்மாவுக்கு இந்த நடைமுறை ஒரே காலையில் ஆறு முறை நிறைவேற்றப்பட்டது. ஏழாவது வீடு என்னுடையது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் போட்டு எழுதினால் நகல் ஒன்று அவருக்குப் போக வேண்டும். இப்போது அவர் முழங்கால் வலியோடு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். விலாசம் என்னிடம் இல்லை.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வருவார். தமிழில் பேசுவார், தெலுங்கில் எண்ணுவார். தோளில் ஒரு மஞ்சள் பை. அதில் சொந்தத் தேங்காய் நார், ஒரு டப்பா நிறைய சலித்த செங்கல் தூள். கடையில் விற்கும் பச்சைத் தேய்ப்பானை அவர் நம்பியதில்லை. யாரையும் திட்டியதில்லை. எதையும் திருடியதில்லை, எதையும் உடைத்ததும் இல்லை. மனம் நோகும்படி யாராவது ஏதாவது சொன்னால் தலையை ஒரு பக்கம் சாய்த்து "ஆங்" என்பார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த வீட்டில் சுத்தம் அதிகமாகிவிடும்.

அவர் பழி வாங்கும் முறை அது. எனக்குப் புரிவதற்கு நாலு வருடம் ஆனது.

தெருக்கோடி வீட்டு அம்மாளிடம் ஒரு பித்தளை அண்டா இருந்தது. கல்யாணத்தில் சீராக வந்தது; கழுத்தைச் சுற்றி அவருடைய அப்பாவின் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். ஒரு நாள் அண்டாவில் கறை இருக்கிறது, உன் வீட்டில் பித்தளையைப் பார்த்திருந்தால்தானே தேய்க்கத் தெரியும் என்று தெருக்கோடி அம்மாள் சொன்னார். அந்தம்மா "ஆங்" என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டு, செங்கல் தூள் போட்டு, அந்தக் கழுத்தை மட்டும் தேய்த்தார். இரண்டு பொங்கல் கழிந்தபோது அண்டாவின் கழுத்து தங்கம்போல் மின்னியது. அப்பாவின் பெயரில் முதல் எழுத்தும் ஊரில் கடைசி எழுத்தும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. தெருக்கோடி அம்மாள் அழுதார். பளபளன்னு இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க என்று இவர் பணிவாகக் கேட்டாராம்.

என்னிடமும் நடந்தது. ஓய்வு பெற்ற புதிதில் எனக்கு வேலை ஏதும் இல்லாததால் மற்றவர்கள் வேலையைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். சுவரெல்லாம் ஒட்டடை, விரல் வைத்தால் விரல் கறுக்கிறது என்று அவரிடம் சொன்னேன். குரலில் கொஞ்சம் அலுவலகம் இருந்திருக்கும். "ஆங்" என்றார். மறுநாள் நான் தாலுகா ஆபீஸ் பக்கம் போய்த் திரும்புவதற்குள் கூடத்துச் சுவர் பால்போல் இருந்தது. தொலைபேசிக்கு மேலே பென்சிலால் பல வருடமாக நான் எழுதி வைத்திருந்த எண்கள் ஒன்றுகூட இல்லை. காஸ்காரர், கண் டாக்டர், ஓய்வூதியப் பிரிவு, பேசாமல் போன தங்கை, எல்லோரும் போய்விட்டார்கள். அன்று மாலை சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்தேன். சொன்னதைச் சொன்னபடி, ஒரு எழுத்து கூடாமல் குறையாமல் செய்து மேலதிகாரியைச் சாகடிப்பது எங்கள் அலுவலகத்தில் பழைய வித்தை. அதில் தேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவு தேர்ந்தவரைத் தெரியாது. மறுநாள் காலை காப்பியை நானே போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். எங்களுக்குள் அதற்குப் பிறகு தகராறு வந்ததில்லை.

எதிர்வீட்டுக்காரர் ஒப்பந்ததாரர். அரசுப் பள்ளிச் சுற்றுச்சுவர், சமுதாயக்கூடம் என்று கட்டி மேலே வந்தவர். எல்லோரும் அவரைச் சார் என்பார்கள். அந்தம்மா மட்டும் மேஸ்திரி என்பார். அவர் கையில் கொத்துக்கரண்டி பிடித்து இவருடைய ஊரில் மாட்டுக்கொட்டகை கட்டிய காலத்தில் பழகிய சொல் அது. அவர் மனைவிக்கு அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் முகம் சிறுத்துப்போகும்.

அந்த மனைவிதான் பையைச் சோதிக்க ஆரம்பித்தார். வேலை முடிந்து போகும்போது வாசல் கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தம்மா "ஆங்" என்றார். அன்று முதல் கேட்டின் தூண்மேல் ஒவ்வொரு பொருளாக எடுத்து வைப்பார். நார். செங்கல் தூள் டப்பா, மூடி திறந்து. வெற்றிலைச் சுருக்குப்பை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கும் காசில்லாத டிக்கெட். மாற்று ரவிக்கை, உதறிக் காட்டி மடித்து. எல்லாவற்றையும் தெலுங்கில் எண்ணுவார். பங்குனி வெயிலில் அந்த மனைவி கைக்குட்டையால் நெற்றியை மறைத்துக்கொண்டு நின்றிருப்பார். மூன்றாவது வாரம் போதும் போ என்றார். இல்லமா, பாத்துடுங்க, அப்புறம் காணலன்னா நாந்தான் என்று இவர் ரவிக்கையை உதறினார். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன.

இந்த நிலையில்தான் அந்த வீட்டு மாடிக்குச் சுழல்நீர்த் தொட்டி வந்து இறங்கியது.

எட்டுப் பேர் தூக்கினார்கள். கிரேன் வைக்கலாமா என்றுகூடப் பேச்சு. வெள்ளை வெளேரென்று, நாலு பேர் உட்காரலாம். பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள். விசையைப் போட்டால் அவற்றிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சுழலும். நகராட்சித் தண்ணீர் நாள்விட்டு நாள் வரும் தெருவில் அது ஒரு முறை நிரம்ப நாங்கள் எல்லோரும் ஒரு நாள் குளிக்காமல் இருக்க வேண்டும். தெரு அதற்குச் 'சுத்துற தொட்டி' என்று பெயர் வைத்தது. அதன் கையேட்டைப் பின்னால் ஒரு கடித வேலைக்காக நான் வாங்கிப் படித்திருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில், நுரை வரும் பொருள் எதையும் ஊற்றி மோட்டாரை ஓட விடாதீர் என்று கறுப்புக் கட்டம் போட்டிருக்கிறது. அந்த வீட்டில் கையேடு பிளாஸ்டிக் உறையோடு பூஜை அலமாரியில் இருந்தது.

தொட்டியைக் கழுவும்படி முதல் முறை சொன்னபோது, சோப்புத்தூள் எவ்வளவு போடட்டும் என்று அந்தம்மா கேட்டார். நிறையப் போடு, கஞ்சத்தனம் பண்ணாதே, விசையைப் போட்டு நல்லா சுத்த விடு என்றார் வீட்டுக்காரி. "ஆங்." முழுப் பாக்கெட். கால் மணி நேரத்தில் நுரை குளியலறைக் கதவுக்கு வெளியே வந்தது. பிறகு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. மேஸ்திரி படியேறப் போய் வழுக்கி நுரைக்குள் உட்கார்ந்தார். கூடம், சாப்பாட்டு மேசை, பூஜை அலமாரிக் கால்கள் வரை நுரை. அந்தம்மா படிக்கு மேலே நின்று, இன்னும் சுத்தணுமாமா, நிறுத்தட்டுமா என்று கேட்டது என் வீட்டுக்குக் கேட்டது.

அதற்கு வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொன்னது யார் என்ற கேள்வி வரும். காத்திருந்தார்கள்.

தைக் கிருத்திகைக்கு அந்தக் குடும்பம் மலைக்கோயிலில் மொட்டை போட்டது. வீட்டுக்காரர், அவர் மனைவி, இரண்டு தம்பிகள், தம்பி மனைவிகள், தம்பிகளின் பிள்ளைகள் மூன்று பேர், ஆக ஒன்பது தலை. மேலே குளித்து, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு காரில் இறங்கி வந்தார்கள். நாலு நாள் விருந்து. தொட்டியில் மூன்று மூன்று பேராக முறை போட்டு இறங்கினார்கள். ஐந்தாம் நாள், விருந்தாளிகள் போன பிறகு, அந்தம்மா தொட்டியைக் கழுவி விசையைப் போட்டார். மோட்டார் உறுமியது, இருமியது, கருகிய வாடை வந்தது, நின்றது.

கழிவறைத் தரைக்கு வைத்திருந்த ஆசிட் பாட்டில் அரையளவு இருந்தது. விசாரணை அதோடு முடிந்தது. இவள் ஆசிட்டை ஊற்றி மோட்டாரைத் தின்ன வைத்துவிட்டாள், அண்டாவைத் தின்றவள்தானே என்று வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொன்னார். தெருக்கோடி அம்மாள் சாட்சி சொன்னார். மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஆறு வீடு போய்விட்டது.

என் வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பாத்திரத்தைத் தேய்த்தார். தேய்த்து முடித்துச் சொன்னார்:

"திருடின்னு சொன்னாக்கூட அந்த ஊட்டோட போவும் மேடம். பொருளைக் கெடுத்துட்டான்னு சொல்லிட்டா இந்த ஊர்ல ஒரு ஊட்லயும் உள்ள உட மாட்டாங்க. அவுங்க வாயால இல்லன்னு வரணும். இல்லன்னா எனக்கு இந்த ஊரு பஸ்ஸு முடிஞ்சிச்சு."

அழவில்லை. ஒரு வீட்டுக்காக அவர் தினமும் பஸ் ஏறி வந்ததை நான் ஆறு மாதத்துக்கு மேல் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். தொட்டிக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும், உத்தரவாதக் காலத்துக்குள் மோட்டார் போய்விட்டது, மாற்றித் தர வேண்டும். சுத்தமான தண்ணீரைத் தவிர வேறு எதையும் உள்ளே விட்டதில்லை என்று அழுத்தமாக எழுதச் சொன்னார்.

ஆசிட் ஊற்றியதாகச் சொன்னீர்களே என்றேன்.

"அத எதுக்கு மேடம் எழுதறது? ஆசிட்னு போட்டா கேரண்டி பூடும்ல?"

ஆக, அந்தம்மா தெருவில் குற்றவாளி, காகிதத்தில் நிரபராதி. என் பணிக்காலத்தில் இப்படிப்பட்ட கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்தது இதுதான் முதல் முறை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். நாலாவது பத்தியாக என் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன்: குழாயைத் திறந்து பார்த்து, பழுதுக்குக் காரணமான பொருள் எது, எது இல்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தொட்டியைக் கடைசியாகக் கையாண்ட பணியாளருக்கு நகல் அனுப்ப வேண்டும். கீழே அந்தம்மாவின் பெயர், என் வீட்டு விலாசம். வீட்டுக்காரர் வாழ்நாளில் எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. நான் விரல் வைத்த இடத்தில் போட்டார்.

இதை அந்தம்மாவிடம் சொன்னபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"சந்தனத்தோட அந்தத் தொட்டியில எறங்குங்கன்னு சொன்னது நாந்தான் மேடம்."

என்ன சொன்னீர்கள் என்றேன்.

"மொட்ட போட்டுகினு வந்து எரியுது எரியுதுன்னு இருந்தாங்க. சந்தனத்தக் கழுவாம அப்டியே உள்ள ஒக்காருங்க, தண்ணி சுத்தும்போது தலைக்குக் குளிர்ச்சியா இருக்கும்னேன். போயி ஒக்காந்தாங்க."

அடைத்துக்கொள்ளும் என்று தெரியுமா?

"அரிசி களையற எடத்துல சந்தனக் கையக் கழுவுனாலே அடச்சிக்கும். எனக்குத் தெரியாதா?"

கீரைத் தண்டைக் கிள்ளி முறத்தில் போட்டார். என் சுவரை நினைத்துக்கொண்டேன். கடிதம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. திரும்பப் பெறும் அதிகாரம் கையெழுத்திட்டவருக்குத்தான் உண்டு, எனக்கு இல்லை. அதோடு, அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் ஆசிட். சந்தனத்தைப் பற்றி யாரும் குற்றம் சாட்டவில்லை. அந்த வாதம் எனக்கு நிம்மதி தந்தது என்று சொன்னால் பொய். ஆனால் கேட்டருகே வெயிலில் ரவிக்கையை உதறிக் காட்டிய கையும் அதே கைதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

வைகாசியில் கம்பெனியின் ஆள் வந்து குழாயை அறுத்து எடுத்துப்போனார். ஆனியில் அறிக்கை வந்தது, இரண்டு வீட்டுக்கும் ஒரே தபாலில். குழாய்களிலும் துளைகளிலும் சந்தனமும் தலைமயிரும் சாந்துபோல் இறுகியிருக்கின்றன, ஆசிட் போன்ற ரசாயனம் பட்டதற்கான தடயம் எங்கும் இல்லை, இது உரிமையாளரின் தவறான பயன்பாடு, உத்தரவாதம் செல்லாது. தமிழில் படித்துக் காட்டினேன். ஆசிட் இல்லன்னு இருக்குதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மற்றதை அவர் கேட்கவில்லை.

அறிக்கை வந்துவிட்டதே என்று தெருவில் யாரும் கதவைத் திறந்துவிடவில்லை. இங்கிலீஷ் காகிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் தெருக்கோடி அம்மாள்.

எதிர்வீட்டில் மோட்டாரை மாற்றினார்கள். விசையைப் போட்டால் துளைகளிலிருந்து மயிர் ஒட்டிய சந்தனப் பொருக்கு கொட்டியது. ஒவ்வொரு துளையையும் பொறுமையாக நோண்டி எடுக்க வேண்டும். தெருவில் வேலை செய்யும் மற்ற பெண்கள் யாரும் அந்த மாடிக்கு ஏறத் தயாராக இல்லை. அது ஆசிட் கேஸு ஊடு, நமக்கெதுக்கு என்றார்கள். ஒப்பந்ததாரர் தன் சித்தாட்கள் இருவரை அனுப்பினார். அவர்கள் தளம் போடும் சென்ட்ரிங் பலகையைச் சுரண்டும் கம்பித் தூரிகையால் தேய்த்து வெள்ளைப் பூச்சைப் பாதி உரித்துவிட்டார்கள். கடைசியில் வீட்டுக்காரியே இறங்கினார். பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் ஆசிட்டை ஊற்றினார். புகை கிளம்பியது. மூச்சு முட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தவரை நாங்கள்தான் ஆட்டோவில் ஏற்றினோம். அந்தத் தொட்டிக்குள் முதல் முதலாக ஆசிட் விழுந்தது அன்றுதான். அந்தம்மா என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

தண்ணீர் வடியாமல் பச்சை பிடித்தது. மாடியின் நாற்றம் கூடம்வரை இறங்கியது. ஆவணியில் அந்த வீட்டு மகளைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறார்கள் என்று முடிவானது. தொட்டியைப் பற்றி அவர்களிடம் ஏற்கெனவே பெருமை பேசியாகிவிட்டது.

வீட்டுக்காரி என் வாசலுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, மயிர் மூன்றங்குலம் வளர்ந்த தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, பழசையெல்லாம் மனசுல வெச்சிக்காதமே, வந்து அந்தத் தொட்டியைக் கொஞ்சம் பாத்துக் குடு என்றார்.

"எழுதிக் குடுங்க," என்றார் அந்தம்மா.

"இன்னாத்த எழுதறது?"

"நான் ஆசிட் ஊத்தலன்னு. அஞ்சு ஊட்டுக்கும் வாயால சொன்னீங்கல்ல? அஞ்சு ஊட்டுக்கும் காட்டணும்."

வீட்டுக்காரி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தெருவைக் கடந்தார். மறுநாள் ஒரு தாம்பூலத் தட்டு வந்தது, பழம், வெற்றிலை, ஒரு சேலை. நல்ல சேலை. அந்தம்மா பிரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வந்த மடிப்பிலேயே மடித்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சேலையில எழுத்து இல்லயே."

மூன்று வாரம் ஓடியது. நான் ஒரு வரைவு தயாரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவுங்க கையெழுத்துல வரட்டும் என்றார்.

கடைசியில் வந்தது, பெண் பார்க்கும் நாளின் காலையில். ஒப்பந்ததாரரே கொண்டுவந்தார். நாலு வரி, கோணல்மாணலாக, ஆனால் அவர் கை. 'திருமதி' என்று தொடங்கி, பெயர் எழுதி, 'அவர்களுக்கு' என்று போட்டிருந்தது. எங்கள் தொட்டி கெட்டதற்குத் தாங்கள் காரணம் இல்லை, ஆசிட் ஊற்றியதாக நாங்கள் சொன்னது தவறு, வருந்துகிறோம், தயவுசெய்து வேலைக்கு வரவும். அந்தம்மா எழுத்துக் கூட்டித் தானே படித்தார். 'அவர்கள்' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

இப்பவே வரியா என்றார் அவர். விருந்தாளிகள் பத்தேமுக்கால் ரயிலில் வருகிறார்கள்.

"ஆங்," என்றார் அந்தம்மா.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முதலில் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்தக் கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டார். நனையக் கூடாதல்லவா. பிறகு தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். கடிதத்தைக் கையில் கொடுத்து, அவர்கள் முழுவதும் படித்து முடிக்கும்வரை நின்று, திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த வீடு. தெருக்கோடி அம்மாளுக்குக் கண்ணாடி எடுத்து வர நேரம் கொடுத்தார். நாலாவது வீட்டில் காப்பி கொடுத்தார்கள். உட்கார்ந்து குடித்தார். ஸ்டேஷனிலிருந்து கார் தெருவுக்குள் நுழைந்தபோது அவர் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா இறங்கியதும் மூக்கை மூடிக்கொண்டு மாடியை நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். எதிர்வீட்டுக்கு அந்தம்மா அன்றும் போகவில்லை, பிறகும் போகவில்லை. மற்ற ஐந்து வீடுகளும் திங்கட்கிழமை கதவைத் திறந்தன.

கடிதத்தில் ஒப்பந்ததாரர் தேதி போட மறந்திருந்தார். தேதியில்லாத காகிதம் செல்லாது. உறை போடக் கொண்டுபோவதற்கு முன்பே அதை வாங்கி, மேல் மூலையில் சிவப்பு மையில் நான் எழுதிக் கொடுத்தேன்: பெறப்பட்டது, ஆவணி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி.